தானாக விழுந்தவர்

“சைக்கிள்லேர்ந்து தானா விழுந்துட்டார் டாக்டர்” என்று சொன்னது தன்னுடைய வாய்தானா என்பது தெய்வசிகாமணிக்கு இன்னும் பிடிபடவில்லை. பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு வெளியே கிடந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து, நாக்கால் மேல்வரிசைப் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் இருந்தது. ஐம்பத்திரண்டு வருஷமாகக் கூடவே இருக்கிற வாய். கல்யாண வீட்டில்கூட அளந்துதான் பேசும். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் இட்லி வெந்துவிடும் என்று அவர் மனைவி சொல்லிக்காட்டுவாள். அப்பேர்ப்பட்ட வாய், டூட்டி டாக்டரான அந்தச் சின்னப் பெண், அடிபட்டு வந்த சவரிமுத்துவின் முகத்தைப் பார்த்து எப்படி ஆச்சு என்று கேட்டு, சவரிமுத்து உதட்டைப் பிரிப்பதற்குள், முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டுவிட்டது. டாக்டர் தலை நிமிரவில்லை. விபத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டார். அவர் எழுதியது சிகாமணிக்குத் தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாகப் படிப்பது அவருக்குக் கைவந்த வித்தை, இருபத்திரண்டு வருஷமாக மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று அப்படித்தான் படித்துப் பிழைக்கிறார். சைக்கிளிலிருந்து செல்ஃப் ஃபால், திண்டுக்கல் ரோடு, பிற்பகல் மூன்று பத்து என்று சொல்லப்படுகிறது. சொல்லப்படுகிறது. யாரால் என்று அந்தப் பதிவேடு கேட்பதே இல்லை. அவரும் கேட்டதில்லை. உள்ளே எக்ஸ்ரே மிஷின் உறுமியது. சவரிமுத்து வலியில் ‘யேசுவே’ என்று சொன்னது கேட்டது. மணி மூன்றே முக்கால். நாலரைக்குப் போலீஸ் அவுட்போஸ்ட் ஏட்டு வருவார், நாள் முழுக்க எழுதிய பக்கங்களின் கார்பன் நகலைக் கிழித்துக்கொண்டு போவார். அதுவரை அந்த வரி டாக்டர் நினைத்தால் அடித்துத் திருத்தக்கூடிய வரி. நகல் போய்விட்டால் அது பாறை, யார் முட்டினாலும் முட்டினவர் தலைதான் உடையும். இது சிகாமணியைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த ஜில்லாவில் யாரும் கிடையாது.

ஏனென்றால் அவர் வேலையே அதுதான். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்துகளை விசாரித்து அறிக்கை கொடுப்பவர். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டவர் முதன்முதலில் கொண்டுவரப்பட்ட நாளின் பக்கத்தைத் தேடி எடுப்பார். கோர்ட்டில் கார் மோதியது, வேன் மோதியது என்று வக்கீல் முழங்கிக்கொண்டிருக்க, அந்தப் பக்கத்தில் செல்ஃப் ஃபால் என்று இருந்துவிட்டால் போதும், சிகாமணி அதைப் படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு அன்றைக்கு வாசலிலேயே ஒரு வடை சாப்பிடுவார். வாகனமே இல்லாத விபத்துக்கு எந்த இன்சூரன்ஸும் கிடையாது. எத்தனை வழக்கு அப்படிப் படுத்திருக்கும், எண்ணூறு, ஆயிரம். பொய் வழக்கும் அதில் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது, திருவிழாவில் மரத்திலிருந்து விழுந்தவனெல்லாம் லாரியில் அடிபட்டதாக வந்திருக்கிறான். ஆனால் மாரக்காள். இப்போது மாரக்காள் எதற்கு வருகிறாள். ஏழெட்டு வருஷமாயிற்று, சித்தாள் வேலை பார்த்தவள், புருஷன் சைக்கிளில் போய் அடிபட்டு இடுப்பு போய்க் கட்டிலோடு கிடந்தான். கோர்ட் வராந்தாவில் சிகாமணியை வழிமறித்து, சார் அன்னைக்கு நாங்க வாயே திறக்கல சார், காரு வச்சிருந்தவருதான் தூக்கிட்டு வந்து சேத்தாரு, அவருதான் டாக்டர்கிட்ட பேசினாரு, ரொம்ப நல்ல மனுசன் சார், அவரு எதுக்கு மாத்திச் சொல்லப்போறாரு, எழுதினவங்கதான் தப்பா எழுதிட்டாங்க என்று சொன்னாள். சிகாமணி சிரித்தார். கேலியாகக்கூட இல்லை, ஒரு களைப்பில் சிரித்தார், இதே கதையை எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள் என்று. எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னதால்தான் அது கதை என்று முடிவு கட்டியிருந்தார். எல்லோருக்கும் ஒரே மாதிரி நடந்திருக்கலாம் என்று ஒரு நாள்கூட, ஒரே ஒரு நாள்கூட, அவருக்குத் தோன்றவில்லை. கை சில்லிட்டது. பெஞ்சின் இரும்பா, தன் கையா என்று தெரியாமல் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அதில் மாவு ஒட்டியிருந்தது.

சவரிமுத்துவின் மாவு. பரோட்டா மாஸ்டர் அவர், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையில். சாயங்கால வியாபாரத்துக்கு மதியமே பிசைந்து ஊறவைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டு. சிகாமணி காரின் பின் சீட்டில் அதை இடது கையால் ஒரு குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு, வீச்சுக் கை சார், வீச்சுக் கை சார் என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார். சிகாமணிக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான், மாவை வீசி விசிறுகிற கை என்று புரிந்தது. புரிந்த பிறகு கண்ணாடியில் அவரைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தே ஓட்டினார், ரொம்ப ஒழுங்காக, திரும்புகிற இடத்திலெல்லாம் இண்டிகேட்டர் போட்டு. சரி, என்னதான் நடந்தது. ஒரு விசாரணைக்காரன் மாதிரி யோசி என்று தனக்கே சொல்லிக்கொண்டார். மேற்படி வாகனம் சாலையின் இடது ஓரமாக நிறுத்தப்பட்டிருந்தது. நின்ற வண்டி. நின்ற வண்டியில் போய் ஒருவர் மோதினால் அது வண்டியின் குற்றமாகாது, இப்படி எத்தனை அறிக்கை எழுதியிருக்கிறார், இன்ஜின்கூட அணைந்துதான் இருந்தது. நின்ற வண்டிதான், ஆனால் கதவு நிற்கவில்லையே. முறுக்கு சாப்பிட்டார். அடுத்த கேஸ் ஃபைலை மடியில் விரித்துக்கொண்டு முறுக்கு சாப்பிட்டார், சட்டையெல்லாம் துகள், உதறலாம் என்று ரோட்டுப் பக்கக் கதவைத் திறந்தார். அவ்வளவுதான். ஒரு மனுஷனுடைய கை போனதற்கு முறுக்குத் துகள் காரணம் என்று எந்த அறிக்கையில் எழுதுவது, எழுதினால் யார் நம்புவார்கள். ஒரு சத்தம், பெரிய சத்தம்கூட இல்லை, வீட்டில் பாத்திரம் விழுகிற மாதிரி. கதவு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்தது. எட்டிப் பார்த்தால் செருப்பு ஒன்று நடு ரோட்டில் தனியாகக் கிடந்தது. இறங்கினார். இறங்கினவர் முதலில் எதைப் பார்த்தார். ஐயோ, அதை நினைக்காதே. ஆனால் நினைப்பு கேட்கிறதா. விழுந்து கிடந்தவரைப் பார்க்கவில்லை. சைக்கிளைப் பார்த்தார். சைக்கிளில் மணி இருக்கிறதா, பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். மணி இல்லாவிட்டால் பாதிக் குற்றம் சைக்கிள்காரர் தலையில் போகும், பிரேக்கும் சரியில்லையென்றால் இன்னும் கொஞ்சம். ஒரு ஆள் கால்மாட்டில் முனகிக்கொண்டு கிடக்க, இவர் கண் ஹேண்டில்பாரைத் துழாவிற்று. மணி இருந்தது. பளபளவென்று, புதுசு.

மணி இருந்தது, சரி, அடித்தாரா. அடிக்கவில்லை. அடித்திருந்தால் கேட்டிருக்கும், கண்ணாடி இறக்கித்தானே இருந்தது. ஆனால் ஒரு மணிச் சத்தம் காதில் இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது. சைக்கிள் விழுந்தபோது அடித்திருக்கும், விழுந்தால் மணி தானாக அடிக்கும், அதுதான். பார், அங்கேயும் தானாக. “அண்ணே, இந்தாங்க” என்று யாரோ கூப்பிட்டார்கள். அமலி, சவரிமுத்துவின் மனைவி. பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்திருந்தாள், சிகாமணியே போன் போட்டு வரச் சொன்னது. வந்தவள் அழுது ஆர்ப்பாட்டம் செய்வாள், சட்டையைப் பிடிப்பாள் என்று பயந்துகொண்டிருந்தார். அவளோ புருஷனை எட்டிப் பார்த்து ஒரு மூச்சு விட்டுவிட்டு, நேரே இவரிடம் வந்து கைகூப்பிவிட்டாள். ரோட்டுல விழுந்து கெடந்தா எத்தனை பேரு பாத்துட்டுப் போறான் அண்ணே, நீங்க காரை நிறுத்தித் தூக்கிப் போட்டுட்டு வந்திருக்கீங்க, நல்ல மனுசங்க இன்னும் இருக்கத்தான் செய்யிறாங்க என்றாள். நல்ல மனுசங்க. மாரக்காளின் அதே சொல். காரை நிறுத்தித் தூக்கிப் போட்டு வந்ததாக இவளிடம் யார் சொன்னார்கள், இவர் சொல்லவில்லை, விழுந்துட்டார் வாங்க என்றுதான் போனில் சொன்னார், மிச்சத்தை அவளே நல்லவிதமாக இட்டு நிரப்பிக்கொண்டுவிட்டாள். மறுக்க வாயெடுப்பதற்குள், நீங்களும் ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க என்று சொல்லிவிட்டு வெளியே போனவள், இப்போது பேப்பர் கப்பில் டீயும் ஒரு பன்னுமாக வந்து நிற்கிறாள். வேண்டாம் என்றார். அட குடிங்கண்ணே, என் கூடப்பிறந்தவன்னா வாங்கிக் கொடுக்க மாட்டேனா என்றாள். வாங்கிக்கொண்டார். பன்னை மடியில் வைத்துக்கொண்டார். அவள் எக்ஸ்ரே அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சொல்லிவிடலாமா. சொன்னால் என்ன, இன்சூரன்ஸ் இருக்கிறது, வண்டிக்குப் பக்காவாக இருக்கிறது, தன் கையைவிட்டு ஒன்றும் போகாது, கதவு திறந்து அடிபட்டாலும் வண்டியால் வந்த விபத்துதான், சட்டமெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் எஃப்.ஐ.ஆர். அவர் பேரில் விழும். விபத்தை விசாரிக்கிற ஆளே விபத்துக் குற்றவாளி என்றால் எந்தக் கம்பெனி ஃபைல் கொடுக்கும். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், போன வருஷம் இன்னொருவரை இதைவிடச் சின்ன விஷயத்துக்கு எடுத்தார்கள். அதற்கப்புறம் இந்த வயதில் என்ன செய்வது. சொல்லாவிட்டால் என்ன. அதுவும் தெரியும். சவரிமுத்துவின் எலும்புக்குப் பிளேட் வைப்பார்கள், கை மடங்கும், ஆனால் வீசாது. ஆறு மாதம் கழித்து யாராவது சொல்லி வழக்குப் போடுவார்கள். அப்போது ஒரு ஆள் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து, இந்தப் பதிவேட்டைத் தலைகீழாகப் படித்து, வாசலில் வடை சாப்பிடுவான். ஒருவேளை தன்னிடமே அந்த ஃபைல் வரும். வரலாம், இந்த ஜில்லாவில் இவரைவிட்டால் இரண்டே பேர்தான். சிகாமணி தன் கையெழுத்தில் அந்த அறிக்கையை மனக்கண்ணில் பார்த்துவிட்டார், தேதியோடு பார்த்துவிட்டார். சுவர்க் கடிகாரத்தில் நாலடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது. உள்ளே யாரோ ஒரு நர்ஸ் இரும்புத் தட்டை மேஜையில் வைத்தாள். டிங். அந்தச் சத்தத்தில் அவர் உட்கார்ந்த இடத்திலேயே விறைத்துப்போனார். சைக்கிள் மணி ஒரு தரம் இல்லை, இரண்டு தரம் அடித்தது. விழுகிற சைக்கிளில் மணி ஒரு தரம் அடிக்கலாம். ட்ரிங் ட்ரிங் என்று நிதானமாக இரண்டு தரம் அடிக்குமா. அது முன்னால். கதவுக் கொக்கியில் விரல் இருந்தபோது. அவருக்குக் கேட்டது. கேட்டது மட்டுமில்லை, ஒரு கணம், ஒரு முறுக்குக் கடிக்கிற நேரம், கை நின்றது. அப்புறம் மனசுக்குள்ளே யாரோ சைக்கிள்தானே என்றார்கள். சைக்கிள்தானே, ஒதுங்கிக்குவான். லாரி ஹாரன் என்றால் காலைக்கூட உள்ளே இழுத்திருப்பார். சைக்கிள்தானே என்று திறந்தார். இதுதான் நடந்தது, இதைத்தான் முக்கால் மணி நேரமாகச் சுற்றிச் சுற்றி வந்து மிதிக்காமல் தாண்டிக்கொண்டிருந்தார். கையில் இருந்ததை வாயில் கவிழ்த்து விழுங்கினார்.

கதவைத் திறந்துகொண்டு சவரிமுத்துவை வீல்சேரில் வெளியே தள்ளி வந்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டர் எலும்பு இரண்டு இடத்தில் நொறுங்கியிருப்பதாகச் சொல்லி மாவுக்கட்டு போடும் அறைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார், ஆபரேஷன் பண்ணினாலும் பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாதாம். அமலி சீட்டை வாங்கிக்கொண்டு அறை எங்கே என்று விசாரிக்க ஓடினாள். வராந்தாவில் இரண்டு பேர்தான். சிகாமணி குனிந்தார், வீல்சேரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். சவரிமுத்துவின் தலைமுடியில் மாவும் ரத்தமும் சேர்ந்து காய்ந்திருந்தது. ஏதோ சொல்ல வந்தார், மணி என்று மட்டும் வந்தது.

“அடிச்சேன் சார்” என்றார் சவரிமுத்து. “ரெண்டு வாட்டி அடிச்சேன். நீங்க கதவைத் தொறந்ததையும் பாத்தேன்.”

அப்படியானால் டாக்டர் கேட்டபோது ஏன் பேசாமல் இருந்தீங்க என்று சிகாமணி கேட்டார், கேட்டது தனக்கே கேட்காத குரலில். சவரிமுத்து அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“படிச்சவரு நீங்க முந்திச் சொல்லிட்டீங்க. அதுக்கு மேல நான் என்ன சொல்றது சார். விட்டுட்டு ஓடாம கொண்டாந்து சேத்தீங்கல்ல. அது போதும்னு இருந்துட்டேன்.”

போதும் என்று இருந்துவிட்டார். எத்தனை பேர் அப்படிப் போதும் என்று இருந்துவிட்டார்கள், எண்ணூறா, ஆயிரமா, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ஆள் வாயை மூடிக்கொண்டு தன் கையையோ காலையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் ஒரு நல்ல மனுஷன் நின்று பேசுகிறான், சிகாமணி அந்தப் பக்கத்தைப் படம் பிடிக்கிறார். அவர் எப்போது நடக்க ஆரம்பித்தார் என்று அவருக்குத் தெரியாது. டூட்டி டாக்டரின் மேஜை முன்னால் நின்றிருந்தார். ஏட்டு அதற்குள் வந்துவிட்டார், இன்றைக்கென்று நாலேகாலுக்கே வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தைக் கிழித்தார். அடுத்ததைக் கிழித்தார். சிகாமணி கையை நீட்டிப் பதிவேட்டின் மேல் வைத்துவிட்டார். ஏட்டு நிமிர்ந்து, அட சிகாமணி சாரா, இன்னைக்கு எந்தக் கேஸ் என்றார் பழக்கத்தில். என் கேஸ் என்றார் சிகாமணி. டாக்டரிடம் அந்த வரி தப்பு என்றார், தானாக விழவில்லை, என் கார்க் கதவு திறந்து அடிபட்டார், மணி அடித்தும் திறந்தேன். டாக்டர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். நீங்கதானே முதல்ல சொன்னீங்க என்றார். ஆமாம் நான்தான் சொன்னேன். சரி, வண்டி நம்பர் சொல்லுங்க என்றார் டாக்டர். சிகாமணி வாயைத் திறந்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் கவிழ்ந்த மினி பஸ்ஸின் நம்பர் வந்தது, மாரக்காள் கேஸில் அவள் ஒப்பித்த கார் நம்பர், இல்லவே இல்லை என்று இவர் நிரூபித்த காரின் நம்பர், அட்சரம் பிசகாமல் வந்தது. தன் நம்பர் வரவில்லை. ஏட்டு சிரித்தார். பதட்டத்துல மறந்திருக்கும் சார், வீட்டுக்குப் போயி நல்லா யோசிச்சிட்டு நாளைக்கு வாங்களேன் என்றார், அன்பாகத்தான் சொன்னார், அந்த அன்பில் ஒரு பெரிய வாசல் திறந்திருந்தது. பாத்துட்டு வரேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. கார் வேப்பமரத்தடியில் அவர் விட்ட கோணத்திலேயே நின்றது. கதவின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல், மாவு. உள்ளே சீட்டில் முறுக்குத் துகள் அப்படியே இருந்தது, உதற வேண்டும் என்று திறந்து கடைசியில் உதறவே இல்லை. சாவி கையில்தான் இருந்தது. கேட்டில் காவலாளிகூட இல்லை. பின்பக்கம் போய் நம்பர் பிளேட்டின் முன் குனிந்தார். படித்தார். கடைசி நாலு எண்கள், நாற்பத்தேழு பதினெட்டு. நிமிர்ந்து இரண்டடி வைப்பதற்குள் மறந்துபோயிற்று. திரும்பப் போய்ப் படித்தார். எழுத்தும் எண்ணுமாக முழுசாக வாய்க்குள் சொல்லிக்கொண்டே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாய்ப்பாடு சொல்கிற மாதிரி விடாமல் சொல்லிக்கொண்டே, படியேறி, வராந்தா தாண்டி, யாரோ வழியில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், சொன்னால் இது கொட்டிவிடும் என்று பயந்து, அந்த மேஜைக்கு வந்து சேர்ந்தார். கதவைத் திறந்தது நான்தான் என்று நம்பரோடு சேர்த்துச் சொன்னார். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார் போலிருக்கிறது. டாக்டர் பழைய வரியை ஒற்றைக் கோடாக அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, கீழே புதிதாக எழுதத் தொடங்கினார். ஏட்டு தன் பேனாவைத் திறந்தார், அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, சிகாமணி சார் என்று கூப்பிடவும் இல்லை, உங்க முழுப் பேரு, அப்பா பேரு சொல்லுங்க என்றார். பின்னால் வீல்சேர் சக்கரம் கிரீச்சிட்டு நின்றது. சிகாமணி திரும்பினார். அமலி நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். முகத்தில் கோபம் இருக்கும் என்று பார்த்தார், அழுகை இருக்கும் என்று பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவே இல்லை, இவர் கையில் கசங்கியிருந்த பேப்பர் கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், புரியாத கணக்கு ஒன்றைப் பார்க்கிற மாதிரி.

“அப்ப நான் வாங்கிக் கொடுத்த டீய எப்படிண்ணே குடிச்சீங்க?” என்று கேட்டாள்.

சிகாமணி கப்புக்குள் பார்த்தார். கடைசிச் சொட்டு வரை குடித்திருந்தார்.